கேட்டெழுத்தா, கண்டெழுத்தா? வேர் தேடும் வாசகர்களுக்குப் பதில்கள்

போன இதழில் பழைய ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, படிப்பது பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதன் பலன், மேசை நிறையக் கடிதங்கள். பாதிப் பேர் பூட்டனைத் தேடுகிறார்கள். மீதிப் பேர் பூட்டனின் சொத்தைத் தேடுகிறார்கள். இரண்டாவது வகையினர் வக்கீலைப் பார்க்கவும். நான் குழித்துறைப் பக்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். இப்போது புரை அறுவை செய்த கண்ணோடும் ஒரு பூதக்கண்ணாடியோடும் பிறர் வீட்டு மரப்பெட்டிகளைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

பதில்களுக்கு முன்னால் இரண்டு சொற்கள். திருவிதாங்கூரில் நிலத்தைக் கணக்கெடுத்து வரி விதித்தபோது, அதிகாரி நிலத்தில் இறங்கி நேரில் பார்த்து எழுதியதற்குக் கண்டெழுத்து என்று பெயர். ஊர்க்காரர் சொல்லக் கேட்டு எழுதியது கேட்டெழுத்து. எந்தத் தாள் கையில் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எழுதியவன் கண்டு எழுதினானா, கேட்டு எழுதினானா?

கே: எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடைத்த நிலப் பத்திரத்தில் '1087 மகரம் 14' என்று இருக்கிறது. எங்கள் நிலம் 900 ஆண்டுகளுக்கு மேல் எங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லலாமா? (கல்லூரி மாணவர், களியக்காவிளை)

ப: சொல்லலாம் தம்பி, யாரும் பக்கத்தில் இல்லாதபோது. 1087 கிறிஸ்து ஆண்டு என்றால் முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. அவன் காலத்தில் முத்திரைத்தாள் விற்கவில்லை.

அது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் சர்க்கார் காகிதம் எல்லாவற்றிலும் அதுதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய ஓலைகளிலும் பார்க்கலாம். ஆண்டு பிறப்பது சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில், ஆகஸ்ட் நடுவில். ஆகவே சிங்ஙம் முதல் டிசம்பர் முடியும்வரை உள்ள தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள்; ஜனவரி பிறந்த பிறகு 825. தனு, அதாவது மார்கழி மாதம்தான் தொந்தரவு, அதன் முன்பாதி டிசம்பரிலும் பின்பாதி ஜனவரியிலும் விழும். மகரம் என்பது தை. உங்கள் பத்திரம் 1912 ஜனவரி கடைசி வாரத்தில் எழுதப்பட்டது.

ஓர் ஆண்டு முன்பின் ஆனால் குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். ஒரு வீட்டில் 1101 சிங்ஙத்தில் நடந்த கல்யாணத்துக்கு 825-ஐக் கூட்டி 1926 என்று எழுதிவிட்டார்கள். மூத்த பையன் பிறந்ததோ 1926 ஜூனில். அந்த வீட்டுப் பாட்டி பாவம், போய்ச்சேர்ந்து முப்பது ஆண்டு கழித்து மானம் போய் நின்றாள். 824-ஐக் கூட்டி, கல்யாணத்தை 1925 ஆகஸ்டுக்குக் கொண்டுவந்து, பத்தாவது மாதத்தில் பிள்ளையைப் பெறவைத்த பிறகுதான் எனக்குச் சாயா கிடைத்தது.

இன்னொன்று. பழைய ஆட்கள் ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றால் 1099-ஆம் ஆண்டு வெள்ளம், 1924 ஜூலையில் வந்தது. தமிழ் எண்ணில் ௲௮௰௭ என்று இருந்தால் மிரள வேண்டாம்: ஆயிரம், எட்டுப் பத்து, ஏழு. விலையைப் படிக்கும்போது எந்த ரூபாய் என்று பாருங்கள். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். சக்கரத்துக்குப் பதினாறு காசு.

கே: பாட்டியின் அம்மாவுடைய கல்லறை எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது. கம்பி பிரஷ்ஷும் ஆசிடும் போட்டுத் தேய்த்தால் தெளியும் என்று அண்ணன் சொல்கிறான். (ஆசிரியை, நெய்யூர்)

ப: அண்ணனை வீட்டிலேயே நிறுத்துங்கள். ஆசிட் பளிங்கைத் தின்றுவிடும். கம்பி பிரஷ், பாசியோடு எழுத்தின் விளிம்பையும் கொண்டுபோய்விடும். சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீர், பெயின்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவு போதும்.

கண்ணாடி எதற்கு என்று சொல்கிறேன். போன மாசியில் இதே போன்ற ஒரு கல்லின் முன்னால் நானும் ஒரு குடும்பமும் உட்கார்ந்திருந்தோம். உச்சி வெயிலில் பார்த்தபோது கல் வெறும் சாம்பல் பலகை. இறந்த ஆண்டு 1901 என்று அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக வாசித்துவந்திருக்கிறது. ஆனால் அந்த அம்மாளுக்கு 1904-இல் ஒரு பிள்ளை ஞானஸ்நானம் பெற்றதாகச் சபைப் புத்தகம் சொல்கிறது. செத்தவள் எப்படிப் பெறுவாள்? ஆகவே தாத்தாவுக்கு இரண்டாம் தாரம் ஒருத்தி உண்டு என்று முடிவுகட்டி, அவள் கொடுமைக்காரி என்றும் ஒரு கதை வளர்ந்திருந்தது. மாலை ஐந்தரைக்கு வெயில் சாய்ந்தது. கல்லறையின் பக்கவாட்டில் ஒரு பையனை நிறுத்தி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, கல்லின் முகத்தோடு ஒட்டி உரசிப் போகிற மாதிரி விழவைத்தோம். ஒவ்வொரு வெட்டும் தன் நிழலைத் தானே நிரப்பிக்கொண்டது. கடைசி 1-இன் தலையில் இடப்பக்கமாக ஒரு சிறு கொக்கி எழுந்தது. 1907. அந்த நிமிடத்தோடு கொடுமைக்காரச் சின்னம்மா இல்லாமல் போனாள். குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு இதில் வருத்தம்தான். அவளைப் பற்றி அவரிடம் நிறையக் கதைகள் இருந்தன.

கண்ணாடி கிடைக்காவிட்டால் இருட்டிய பிறகு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நான்கு பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். வாசிக்கும்போது பழைய எழுத்தமைப்பை நினைவில் வையுங்கள். 1978-இல் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் லை, னை எல்லாம் துதிக்கை தூக்கி நிற்கும். இன்னும் பழைய கல் என்றால் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒரே கோடு.

ஒரு எச்சரிக்கை. கல்லறைக்கல் கல்லில் வெட்டப்பட்டதாலேயே கண்டெழுத்து ஆகிவிடாது. பேரன் துபாய் போய்ப் பணம் அனுப்பிய பிறகு, நாற்பது ஆண்டு கழித்து வைத்த கல் எத்தனையோ. அதில் உள்ள பிறந்த தேதி அத்தை சொல்லக் கேட்டது. அடக்கம் நடந்த அன்றே எழுதிய சபைப் புத்தகம்தான் கண்டெழுத்து. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் மயிலாடிக்கு வந்தது முதல் நம் பக்கத்து சபைகளுக்குப் புத்தகம் எழுதுகிற பழக்கம் வேர்விட்டது. போதகரிடம் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் கேளுங்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குப் புத்தகத்தில் பெயர் லத்தீன் வேடத்தில் இருக்கலாம். இஞ்ஞாசி அங்கே இக்னாத்தியுஸ். நிலப் பத்திரத்திலோ மதம் மாறுவதற்கு முந்தைய பெயரிலேயே சாகும்வரை வரி கட்டியிருப்பார். மூன்று பெயர், ஒரே மனிதர்.

பழகிப் பார்க்க ஒரு நல்ல கல் வேண்டுமா? புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். 1741-இல் குளச்சலில் தோற்று, பிறகு தோற்கடித்த திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியான டச்சுப் படைக்காரர் டிலனாய் அங்கே 1777 முதல் படுத்திருக்கிறார். கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. மனைவியும் மகனும் அருகிலேயே.

எரிக்கிற வழக்கமுள்ள குடும்பத்தார் 'எங்களுக்குக் கல்லறையே இல்லையே' என்று எழுதியிருக்கிறார்கள். பழைய பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பாரம் இறங்கட்டும் என்று நட்டவை அவை. சிலவற்றில் அவள் பெயரும் கொல்லம் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். ஆவணம் எதிலும் ஏறாத ஒரு பெண்ணின் பெயர் அந்தக் கல்லில் மட்டும் இருக்கலாம். சாலையை அகலப்படுத்துகிறவர்கள் பிடுங்கிப் போடுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். தக்கலை, திருவிதாங்கோடு பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் கல்லறையில் நடும் மீசான் கல்லில் எழுத்தில்லை என்று சோர வேண்டாம். ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகத்தைக் கேளுங்கள்.

கே: எங்கள் பாட்டாவின் அப்பா பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. எல்லாவற்றிலும் மாமன் பெயரே இருக்கிறது. ஏதோ மறைத்திருக்கிறார்களோ? (இல்லத்தரசி, பூதப்பாண்டி)

ப: ஒன்றும் மறைக்கவில்லை அம்மா. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் பாட்டா காலம் மருமக்கள்வழி. சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். குடும்பத் தலைவரான காரணவர் பெயரில்தான் பத்திரம், அவர் பெயரில்தான் வரி. பெற்ற அப்பன் அடுத்த தெருவில் இருந்தாலும் காகிதத்துக்கு வெளியேதான் நிற்பான். உங்கள் மரத்தை அப்பாவழியாக ஏறாதீர்கள், அம்மாவழியாக ஏறுங்கள்.

1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. கூட்டாகக் கிடந்த குடும்பங்கள் அதன் பிறகு பாகம் பிரிந்தன. அந்தச் சமயத்துப் பாகப் பத்திரம் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். பங்குக்கு உரிய ஆண், பெண், குழந்தை எல்லாரையும் வரிசையாக எழுதி, பல பத்திரங்களில் வயதையும் போட்டிருப்பார்கள். பங்குச் சண்டை என்பதால் ஒருவர் எழுதுவதை நான்கு பேர் உற்றுப் பார்த்திருப்பார்கள். பகையைப் போலச் சரிபார்க்கிற ஆள் வேறு கிடையாது.

கே: 'தொடுவெட்டிக்கு மேற்கே ஒரு விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) வந்தோம்' என்று அப்பா சொல்வார். போன் வரைபடத்தில் தொடுவெட்டி என்ற ஊரே இல்லை. (அரசு ஊழியர், பாறசாலை)

ப: இருக்கிறது, நீங்கள் வாரம் ஒருமுறை அதன் வழியாகப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். தொடுவெட்டிதான் இன்றைய மார்த்தாண்டம். ஊர்கள் பெயர் மாற்றும், தாலுகாக்கள் காணாமல் போகும். இரணியல் என்று ஒரு தனித் தாலுகாவே இருந்தது. ஆகவே கையில் ஆவணம் எந்தக் காலத்தது என்று பார்த்து, அந்தக் காலத்து வரைபடத்தைத் தேடுங்கள். வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து வரைந்தார்கள். கூடவே எழுதிய குறிப்பு பின்னால் அச்சிலும் வந்தது. ஊர், வழி, குளம், கோயில் எல்லாம் அதில் உண்டு. உங்கள் விளை இருக்காது. விளை அளவுக்கு இறங்க வேண்டுமானால் நில வரிக்காக எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடும் கிராம வரைபடமும்தான். பழைய சர்வே எண்ணை வைத்துக்கொண்டு புதிய வரைபடத்தில் தேடி ஏமாறாதீர்கள். இரண்டுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் கேளுங்கள்.

எங்கே கேட்பது என்பது அடுத்த தலைவலி. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. உங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. உங்கள் அப்பாவின் அப்பா தலையில் மூட்டையோடு நடந்து வந்தபோது அவர் எந்த மாநில எல்லையையும் தாண்டவில்லை. எல்லைதான் பின்னால் வந்து அவர் நடந்த வழியில் படுத்துக்கொண்டது. இரண்டு பக்கத்துப் பதிவு அலுவலகங்களிலும் கேளுங்கள். அரசாங்கத்தின் மேல்மட்டக் காகிதம் என்றால் திருவனந்தபுரம் ஆவணக்காப்பகம். 1956-க்குப் பிந்தியது சென்னை எழும்பூர்.

பத்திரம் கையில் கிடைத்ததும் எல்லாரும் செய்கிற தவறு, விற்றவர் வாங்கியவர் பெயரை மட்டும் படிப்பது. நான்கெல்கையைப் படியுங்கள். வடக்கே இன்னாருடைய விளை, தெற்கே கைத்தோடு என்று வருமே, அது. அடுத்த விளைக்காரன் அநேகமாக அண்ணன் தம்பி, இல்லாவிட்டால் சம்பந்தி.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் சொந்தப் பூட்டனின் பத்திரம் என்று ஒன்றை எடுத்தேன். பெயர் சரி, வீட்டுப் பெயர் சரி, பகுதி சரி. மூன்று ஆண்டுகள் அந்த மனிதரைப் பின்தொடர்ந்தேன். அவருக்கு நாற்பது பனை இருந்தது, ஒரு தம்பி திருவனந்தபுரத்தில் அஞ்சல் வேலையில் இருந்தான் என்பதுவரை கண்டுபிடித்து, குடும்பக் கல்யாணம் ஒன்றில் மைக் பிடித்துப் பேசியும் விட்டேன். பிறகு ஒரு நாள் வேறு வேலையாக அதே பத்திரத்தைப் புரட்டும்போது கிழக்கு எல்கை கண்ணில் பட்டது. அங்கேயும் அதே பெயர். தன் நிலத்துக்குத் தானே எல்கையாக நிற்பவனை 'என் வகை மீதி நிலம்' என்றுதான் எழுதுவோம். நானே ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். பெயரைப் போட்டு எழுதினால் அது வேறு ஆள். கிழக்கு விளைக்காரர்தான் என் பூட்டன். நான் மூன்று ஆண்டு கொண்டாடியது அவருடைய பெரியப்பா மகனை. என் நிஜப் பூட்டனுக்குப் பனை ஒன்பதுதான். அதிலும் நான்கு ஒற்றியில் கிடந்தன. கல்யாண வீட்டில் பேசியதைத் திருப்பி வாங்க முடியவில்லை. இன்றும் மருமகன்மார் நாற்பது பனை என்றே சொல்கிறார்கள்.

கே: தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பீர்மேடு எஸ்டேட்டுக்கு வந்தவர். நிலம் இல்லை, பத்திரம் இல்லை. எங்களுக்கு வழி உண்டா? (தோட்டத் தொழிலாளி மகன், வண்டிப்பெரியார்)

ப: உண்டு மக்களே, ஆனால் மலைமேல் தேடாதே, முதலில் கீழே தேடு. காலையில் ஆள் கூட்டும் பெரட்டில் பெயர் கூப்பிட்ட செக்ரோல் வருகைப் புத்தகங்களை எஸ்டேட் கைமாறும்போது எடைக்குப் போட்டவர்கள் அதிகம், இருந்தால் அதிர்ஷ்டம். தாத்தாவைக் கூட்டிவந்த கங்காணி யார், அவன் எந்த ஊர் என்று லயத்து வரிசை வீடுகளில் மூத்தவர்களிடம் கேள். கங்காணி தன் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சுற்றித்தான் ஆள் பிடிப்பான். ஊர் தெரிந்ததும் பங்குனி உத்திரத்துக்கு உங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போ. வரி நோட்டு வைத்திருப்பார்கள். மலைக்குப் போனவன் வரி கட்டவில்லை என்றால் பாக்கி என்றாவது எழுதியிருப்பார்கள். கோயில் வரி பாக்கியை எந்த ஊரும் மறந்ததில்லை.

பிறகு எஸ்டேட் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. அப்பா படித்த பள்ளியில் அப்பன் பெயர், வயது, சாதி, சொந்த ஊர் எழுதியிருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதே. அது வாத்தியார் போட்ட கேட்டெழுத்து, பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். மூணாறு மலைமேல் 1894-இல் வாந்திபேதியில் இறந்த ஒரு துரைசாணியின் கல்லறை இருக்கிறது. தேவாலயமே அதற்குப் பிறகுதான் வந்தது. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். கொழுந்து எடுத்தவர்களுக்குக் கல் நட்டவர் அநேகமாக இல்லை. ஆகவே வரி நோட்டுதான் உனக்குக் கல்.

கே: பதிவு அலுவலகத்தில் 'உனக்கும் இந்த ஆதாரத்துக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கிறார்கள். (ஓய்வுபெற்ற நடத்துனர், குலசேகரம்)

ப: 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு என்று பணிவாகச் சொல்லுங்கள். நிலப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் யாரும் கேட்கலாம். அட்டவணை ஆள் பெயரில் ஒன்று, சொத்தின் பெயரில் ஒன்று. ஆள் பெயரில் அகப்படாதது சொத்தின் பெயரில் அகப்படும். மாதக் கடைசியிலும் முகூர்த்த நாளிலும் போகாதீர்கள். அன்று நானே போனாலும் எரிந்துதான் விழுவார்கள்.

கே: குடும்ப மரம் போடுகிற செயலி ஒன்றில் எங்கள் வம்சம் சேரமான் பெருமாள்வரை வந்துவிட்டது. சரியாக இருக்குமா? (மென்பொருள் பொறியாளர், நாகர்கோவில்)

ப: உங்கள் தாத்தாவின் அம்மா பெயர் அதில் இருக்கிறதா?

கே: பாட்டி சொல்வதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறேன். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அது வெறும் கேட்டெழுத்துதானே தாத்தா? (ஏழாம் வகுப்பு மாணவி, செங்கோட்டை)

ப: கேட்டெழுத்தேதான். அதனால்தான் சீக்கிரம் எழுத வேண்டும். காகிதம் ஆவணக்காப்பகத்தில் இன்னும் நூறு ஆண்டு கிடக்கும், பாட்டி கிடக்க மாட்டாள். ஆண்டு கேட்டால் பாட்டி தடுமாறுவாள். ஆண்டைக் கேட்காதே. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தாள், கல்யாணத்துக்கு எந்த ஊரில் சேலை எடுத்தார்கள், செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவள் எத்தனையாம் வகுப்பு, எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எந்த வீட்டுக்குக் கொடுத்தோம் என்று கேள். பாட்டியின் அம்மா பிறந்த வீட்டின் பெயரை இன்று ராத்திரி அவள் தூங்குவதற்கு முன் கேட்டுவிடு. அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுது, நீ திருத்தாதே. கீழே தேதி போடு. கொல்லம் ஆண்டு வேண்டாம்.